பொகாஷி: வாளி வாங்கும் முன் மண்ணுக்கு வழி பாருங்கள்

பொகாஷி, அதாவது சமையலறைக் கழிவைக் காற்று புகாத வாளியில் நுண்ணுயிர் ஏற்றிய தவிட்டோடு புளிக்கவைத்து, பிறகு மண்ணில் புதைத்து உரமாக்கும் முறை. இதைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களிடம் மண் இருக்கிறதா? வாளி எங்கே கிடைக்கும், தவிடு என்ன விலை, வீட்டுக்குள் நாற்றம் வருமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த முறையில் வாளிக்குள் நடப்பது பாதி வேலைதான், மீதியை மண்தான் செய்து முடிக்க வேண்டும். அது தெரியாமல் ஆரம்பித்த நண்பர்கள், முதல் வாளி நிறைந்து இரண்டு வாரம் கழிந்ததும் "சரி, இதை இப்ப எங்கே கொட்டுறது?" என்று கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதிவில் வாளியைப் பற்றி எவ்வளவு சொல்கிறேனோ, அதே அளவு மண்ணைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

நாங்கள் இருப்பது சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம், மூன்று மாடி அடுக்ககத்தில் இரண்டாவது மாடி. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, கீழே மதிலோரமாக வாழை, செம்பருத்தி, ஒரு தென்னை நிற்கும் ஒரு துண்டு நிலம். பெருங்குடி குப்பைக் கிடங்கு எங்களுக்குத் தொலைவில் இல்லை. சதுப்பு நிலத்தின் மேலேயே பல வருடமாகக் கொட்டி மேடான இடம் அது. 2022 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததே, அப்போது சுற்றுவட்டாரம் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். அதே வருடம்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நாம் தூக்கிப் போடுகிற சோறும் குழம்பும் குவியலுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும், அது எரியும் வாயு. அந்தப் புகைக்கு என் வீட்டுச் சமையலறையும் கொஞ்சம் பங்கு போட்டிருக்கிறது என்ற எண்ணம் வந்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

இதற்கு முன்பே மாடியில் மண்தொட்டி கம்போஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. காய்கறித் தோல், டிகாஷன் சக்கை, காய்ந்த இலை, தென்னைநார்த் தூள் எல்லாம் போட்டுக் கிளறிவிடுவோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் அது ஓடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் செதில், குடல், தலை. இறால் வாங்கினால் அதன் ஓடு. கோழி எலும்பு, மிஞ்சிப்போன சாம்பார் சாதம், பிள்ளைகள் தட்டில் ஒதுக்கிய பன்னீர். இதையெல்லாம் அந்தத் தொட்டியில் போட்டால் நாற்றமும் எலியும் தேடி வரும். ஆகவே இவை ஒரு கவரில் கட்டிக் கீழே போய்க்கொண்டிருந்தன. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டிலேயே தரம் பிரிக்கச் சொல்லிவிட்டன, குப்பை வண்டியிலும் மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என்று தனித் தொட்டி இருக்கிறது. இருந்தும் கவரோடு வந்து விழும் மீன் குடலை அவிழ்த்துக் கொட்டுவது காலையில் வரும் தூய்மைப் பணியாளர் அக்காவின் கைதான். என்னைப் பொகாஷி பக்கம் கொண்டுவந்தது உரம் வேண்டும் என்ற ஆசையைவிட இந்த விஷயம்தான்.

சரி, வாளிக்குள் என்ன நடக்கிறது? இட்லி மாவு புளிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே வேலைதான். லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் உணவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன, புளிப்பு ஏறுகிறது, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால் அழுகலை உண்டாக்கும் கிருமிகளால் அங்கே தலைதூக்க முடியாது. இதற்குக் காற்று புகாத வாளியும், அந்த நல்ல நுண்ணுயிர்களை ஏற்றிய தவிடும் வேண்டும். ஜப்பானில் தவிடு, பிண்ணாக்கு, மீன் கழிவு முதலியவற்றைப் புளிக்கவைத்து வயலுக்குப் போடும் வழக்கம் விவசாயிகளிடம் முன்பிருந்தே உண்டு. ஓகினாவாவில் ரியூக்யு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த தெருவோ ஹிகா 1980களின் தொடக்கத்தில் லாக்டிக் பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா ஆகியவற்றை ஒரே கரைசலில் சேர்த்து இ.எம். (Effective Microorganisms, பயன்தரும் நுண்ணுயிர்கள்) என்ற பெயரில் கொண்டுவந்தார், அதற்குப் பிறகுதான் சமையலறை வாளியில் செய்யும் இந்த வடிவம் உலகமெங்கும் பரவியது. நம் ஊர் இயற்கை விவசாயிகளுக்கும் இ.எம். கரைசல் தெரிந்த பெயர்தான். இ.எம்.மைச் சர்வரோக நிவாரணி மாதிரி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. உணவைப் புளிக்கவைக்கும், அந்த ஒரு வேலையை நன்றாகச் செய்யும், எனக்கு அது போதும்.

வாளிக்கு நிறையச் செலவழிக்க வேண்டாம். கடையில் குழாய் வைத்த பொகாஷி வாளி கிடைக்கிறது, வசதி இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது 20 லிட்டர் பெயின்ட் வாளிகள். மூடியின் உள்பக்கம் ரப்பர் வளையம் இருக்கிறதா, அமுக்கி மூடினால் கெட்டியாக உட்காருகிறதா என்று பார்த்து, பெயின்ட் வாசனை போகும்வரை கழுவிக் காயவைத்த வாளிகள். அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் துளை போட்டு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாயை உள்ளேயும் வெளியேயும் வாஷர் வைத்து முடுக்க வேண்டும். அப்புறம் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். ஒழுகும் இடம் வழியாகத்தான் காற்றும் உள்ளே போகும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் தவறவிடக் கூடாது. உள்ளே துளைகள் போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றைச் சின்னக் கிண்ணங்களின் மேல் உயர்த்தி வைத்தால் கழிவு மேலேயும் வடியும் நீர் கீழேயும் நிற்கும். வாளி குறைந்தது இரண்டாவது வேண்டும், ஒன்று புளித்துக்கொண்டிருக்கும்போது அடுத்தது நிறைய வேண்டும் அல்லவா.

தவிடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் கைக்காசை விட்டுவிட்டு "இது கட்டுப்படியாகாது" என்று நிறுத்திவிடுகிறார்கள். தயாராக விற்கும் பொகாஷித் தவிட்டைக் காலத்துக்கும் வாங்கிக்கொண்டிருப்பது கஷ்டம். வீட்டிலேயே செய்யலாம். மில்லில் போய்க் கேட்கும்போது உமி வேறு, தவிடு வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உமியில் நுண்ணுயிர் தின்ன ஒன்றும் பெரிதாகக் கிடையாது. அரிசித் தவிட்டில் எண்ணெய் அதிகம், நம் வெயிலுக்குச் சீக்கிரம் காறிப்போகும், அன்றைக்கே அரைத்த தவிடாகக் கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் மாட்டுத் தீவனக் கடையில் கோதுமைத் தவிடு எப்போதும் கிடைக்கும், எனக்கு அதுதான் தோது.

முதலில் இ.எம்.மைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். இயற்கை வேளாண் இடுபொருள் கடைகளில் கிடைக்கும் மூலக் கரைசல் 50 மில்லி, பொடித்த வெல்லம் 50 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது, குழாய்த் தண்ணீர் என்றால் அகலமான பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு எடுங்கள். இதை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே கொஞ்சம் இடம் விட்டு ஊற்றி மூடி, நிழலில் வைத்து, தினமும் ஒரு முறை மூடியை லேசாகத் திருகி வாயுவை வெளியே விட வேண்டும். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது, வெடித்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் வாயு அடங்கி, இனிப்பும் புளிப்பும் கலந்த வாசனை வந்துவிட்டால் தயார். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இ.எம். கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அரிசி களைந்த முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பாதி வரை ஊற்றி, வாயில் துணி கட்டி, புளித்த வாடை வரும்வரை வைக்க வேண்டும், சென்னைச் சூட்டில் இரண்டு மூன்று நாள் ஆகும். அந்தத் தண்ணீர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு பால் சேர்த்து மறுபடி துணி கட்டி வைத்தால், சில நாளில் மேலே கட்டி மிதந்து கீழே மஞ்சள் நிறத் தெளிவு நிற்கும். அந்தத் தெளிவு முழுக்க லாக்டிக் பாக்டீரியாதான். வடிகட்டிச் சம எடை வெல்லம் கலந்து வைத்தால் நாள்பட நிற்கும். மேலே மிதந்த கட்டியையும் வீணாக்க வேண்டாம், பொகாஷி வாளியிலேயே போட்டுவிடலாம்.

ஐந்து கிலோ தவிட்டுக்குப் பெருக்கிய கரைசல் ஒரு டம்ளர், கைப்பிடி வெல்லம், இரண்டையும் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கையாலேயே பிசறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டையாகப் பிடிபட வேண்டும், விரலிடுக்கில் சொட்டு வரக் கூடாது, தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம், லிட்டர் கணக்கெல்லாம் தவிட்டுக்குத் தவிடு மாறும். இதைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் அழுத்தி நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் பிதுக்கி வெளியேற்றிக் கட்டி, இரண்டு வாரத்துக்குத் தொடாமல் வைத்துவிடுங்கள். பிரிக்கும்போது மேலே அங்கங்கே வெள்ளைப் பூசணம் இருந்தால் நல்லது. பச்சையோ கறுப்போ படர்ந்திருந்தால் அந்தப் பகுதி வேண்டாம். நிழலில் பரப்பிக் காயவைத்து டப்பாவில் அடைத்துக்கொண்டால் பல மாதம் வரும்.

அன்றாட வேலை ரொம்பச் சின்னது. பகலில் சேரும் கழிவை மூடி போட்ட ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, ராத்திரி சமையலறை ஒதுக்கும்போது ஒரே தடவை வாளியைத் திறக்கிறேன். அடிக்கடி திறந்தால் அத்தனை தடவையும் காற்று உள்ளே போகும். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ மடல் மாதிரி பெரிசு பெரிசாக இருப்பதை இரண்டு விரல் அளவுக்கு நறுக்கிப் போட வேண்டும். குழம்பு, ரசம் கலந்த சோறு என்றால் வடிதட்டில் போட்டு நீரை ஒட்ட வடித்துவிட வேண்டும். ஈரம் மிஞ்சினால்தான் வாளி கெடும். மூன்று நான்கு விரல் உயரத்துக்கு ஒரு அடுக்கு சேர்ந்ததும் மேலே ஒரு கைப்பிடித் தவிட்டைத் தூவி, பழைய தோசைக்கரண்டியாலோ தட்டாலோ நன்றாக அழுத்தி, அதன் மேல் ஒரு வாழை இலைத் துண்டோ கனமான பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு மூடி விடுங்கள். மீன், கறி போடும் அன்றைக்குத் தவிட்டை இரண்டு மடங்காக்குங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஏற்கனவே ஊசிப்போனதைப் போடக் கூடாது. ஃபிரிட்ஜின் மூலையில் மறந்துபோய்ப் பச்சைப் பூசணம் பிடித்த கூட்டு இருந்தால், அங்கே அழுக வைக்கும் கூட்டம் முன்பே குடியேறிவிட்டது, நம் தவிட்டால் அதை விரட்ட முடியாது. ஆட்டுக்கால் எலும்பு, மாங்கொட்டை, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் புளித்தாலும் மண்ணில் கரைய வருடக்கணக்காகும், அதனால் வேண்டாம். பொரித்த எண்ணெயை ஊற்றாதீர்கள். நம் ஊர்ச் சமையலுக்கே உரிய ஒரு எச்சரிக்கை உப்பு. ஊறுகாய் மிச்சம், கருவாடு, உப்புக்கண்டம் இவற்றைப் புளிக்கவைப்பதில் பிரச்சினையே இல்லை, ஆனால் அந்த உப்பு எங்கேயும் போகாமல் கடைசியில் உங்கள் தொட்டி மண்ணில் வந்து உட்காரும். நிலத்தில் புதைப்பவர்களுக்கு மழை வந்து கழுவிவிடும், தொட்டிக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் எங்கள் அத்தைக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. "ஏம்மா, மீன் குடலை வெளிய போடாம ரெண்டு வாரம் வீட்டுக்குள்ள வெச்சிருப்பாங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். முதல் வாளியைச் சமையலறையில் வைக்காமல், துணி துவைக்கும் பால்கனியில் வைத்தேன். மூடியைத் திறக்கும்போது மட்டும் புளித்த வாடை வரும், மூடியதும் ஒன்றும் தெரியாது என்பதை அவரே நாலு நாள் போய் மோந்து பார்த்து ஒப்புக்கொண்டார். இப்போது மூடியைச் சரியாக அழுத்தாமல் யாராவது வந்துவிட்டால், "காத்து போவுது பாரு, போய் அமுக்கி மூடிட்டு வா" என்று அவர்தான் அதட்டுகிறார்.

குழாயில் வடியும் நீரை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் அது மட்டம் ஏறி அடியில் இருக்கும் கழிவை நனைத்து அழுகச் செய்துவிடும். இந்த நீரை அமிர்தம் மாதிரி சொல்கிறார்கள். அதில் சத்து உண்டு, ஆனால் அன்றைக்கு நீங்கள் என்ன சமைத்தீர்களோ அதைப் பொறுத்து மாறும், அமிலமும் உப்பும் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன், அதாவது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து மண்ணில் ஊற்றலாம், இலை மேல் படக் கூடாது. எடுத்த அன்றே பயன்படுத்திவிடுங்கள். நான் பெரும்பாலும் நேராகக் குளியலறைச் சாக்கடையில்தான் ஊற்றுகிறேன். சோறு, கோதுமை ரொட்டி, டிகாஷன் சக்கை அதிகம் போகும் வாரத்தில் நீர் வராமலே கூடப் போகும், அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

வாளி நிறைந்ததும் மேலே தாராளமாகத் தவிட்டைத் தூவி மூடி, இரண்டு வாரம் திறக்காமல் வைக்கிறோம். நீர் எடுப்பது மட்டும் தொடரும். இரண்டு வாரம் கழித்து முதல்முறை திறப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஏனென்றால் போட்டது எல்லாம் போட்டபடியே இருக்கும். முட்டை ஓடு முட்டை ஓடாக, கத்தரிக்காய்க் காம்பு காம்பாக, சோற்றுப் பருக்கை பருக்கையாக. ஆனால் தொட்டுப் பாருங்கள். காம்பை விரலால் நசுக்கினால் நார் நாராகப் பிரியும், மீன் தலையின் சதை எலும்பை விட்டு வழுக்கிக்கொண்டு வரும், முருங்கைச் சக்கையின் மேல் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூசணம் படர்ந்திருக்கும். அளவு மட்டும் பெரிதாகக் குறைந்திருக்காது. காற்றோட்டமான கம்போஸ்டில் சூடேறி, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் பெரும் பங்கு போய்விடுவதால்தான் குவியல் வற்றுகிறது. இங்கே சூடும் இல்லை, இழப்பும் குறைவு, அதனால் 20 லிட்டர் போட்டால் கிட்டத்தட்ட 20 லிட்டரே கையில் நிற்கும். இதற்கு இடம் எங்கே என்பதுதான் நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்வி.

மாடியில் நான் செய்வது இப்படி. அடியில் துளை போட்ட பழைய பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண். செடி பட்டுப்போன தொட்டிகளின் பழைய மண்ணே போதும், சொல்லப்போனால் சத்துப் போன மண்ணைத் தேற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதன் மேல் பொகாஷியைக் கொட்டி, சம அளவு மண்ணைச் சேர்த்து மண்வெட்டியால் கொத்திக் கொத்திக் கலக்க வேண்டும், கட்டியாக விட்டால் நடுவில் இருப்பது மாதக்கணக்கில் அப்படியே புளிப்போடு கிடக்கும். கலந்த பிறகு மேலே நாலு விரல் கனத்துக்கு வெறும் மண்ணைப் போட்டு மூடி, மழை படாமல் ஒரு தகரத்தையோ பலகையையோ வைக்கிறேன். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. முதல் ஒரு வாரம் புளித்த வாடை லேசாக இருக்கும். அப்புறம் அது போய் மழைக்குப் பின் வரும் மண் வாசனை வந்துவிடும். மூன்று வாரம் போல் கழித்துக் கிண்டினால் சோறு, குழம்பு, சதை எதுவும் கண்ணில் படுவதில்லை. முட்டை ஓடு, மீன் முள், ஆரஞ்சுத் தோல், புளிக்கோது மட்டும் அங்கங்கே மிஞ்சியிருக்கும், அது கிடந்துவிட்டுப் போகட்டும்.

புதைத்த உடனே அந்த மண்ணில் செடி வைத்தால் வேர் பொசுங்கிவிடும், அவ்வளவு அமிலம். இரண்டு வாரமாவது, முடிந்தால் நான்கு வாரம் விடுங்கள். மண் தயாரா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு தயிர் கப்பில் அந்த மண்ணை நிரப்பிப் பத்து வெந்தயம் போட்டுப் பாருங்கள். சாதாரண மண்ணில் முளைக்கிற மாதிரி நாலைந்து நாளில் பச்சையாக முளைத்து நின்றால் நாற்று நடலாம். முளைக்காமல் ஊறி அழுகினாலோ நுனி கருகினாலோ இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். வெண்டை, கத்தரி, மிளகாய் எல்லாவற்றுக்கும் இந்த மண்ணை மூன்றில் ஒரு பங்கு கலந்துதான் தொட்டி நிரப்புகிறேன். கறிவேப்பிலைக்குத் தொட்டியின் ஓரமாக, வேரை விட்டுத் தள்ளிக் குழி தோண்டிப் போடுவேன்.

நிலத்தில் புதைப்பது இதைவிடச் சுலபம். கீழே மதிலோரம் ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி, பொகாஷியைக் கொட்டி மண்ணோடு கலந்து, மேலே அரை அடிக்குக் குறையாமல் மண் போட்டு மிதித்துவிடுவோம். வாழைக்கு இரண்டடி தள்ளி வெட்டுவது வழக்கம், அது வேரை நீட்டித் தானே வந்து எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் இதற்கு ஒரே எதிரி பெருச்சாளி. புளித்த சரக்கின் மேல் அதற்கு ஆசை குறைவு என்றாலும், மீன் போட்ட வாளியைப் புதைத்த அன்று ராத்திரி கிளறத்தான் பார்க்கும். பழைய ஜன்னல் கம்பித் தட்டியை மேலே போட்டு இரண்டு செங்கல்லை ஏற்றிவிட்டால் தீர்ந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு தட்டி தேவைப்படாது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எங்கள் பக்கம் நிலத்தில் வெட்டவே மாட்டோம், ஒரு அடி தோண்டினால் நீர் ஊறி நிற்கும் பூமி இது, அதில் புதைத்தால் நாறும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்றால், ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், பொகாஷியில் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் இதுதான். புளித்து முடிந்த வாளியை மூடியபடியே வைத்திருந்தால் இரண்டு மூன்று மாதம் கூடக் கெடாது, நீரை மட்டும் எடுத்துவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவெல்லாம் தண்ணீர், குப்பை வண்டி உள்ளே வர வழியில்லை, மின்சாரம் போய் ஃபிரிட்ஜில் இருந்த மீனும் பாலும் வீணாகத் தொடங்கின. ஊசுவதற்கு முன்பே எல்லாவற்றையும் தவிட்டோடு சேர்த்து வாளியில் அடைத்துவிட்டோம். தண்ணீர் வடிந்து மண் காய்ந்த பிறகு, தை மாதத்தில்தான் அதைப் புதைத்தோம், அப்போதும் புளிப்பு வாடை மாறவில்லை.

வாளி கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடி அக்கா ஒருவர் என்னைப் பார்த்து ஆரம்பித்தார். ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார், திறந்ததும் சாக்கடை நாற்றம், ஓரத்தில் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம், வெள்ளை வெள்ளையாகப் புழு. குழாய் வாஷர் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது, தவிடும் ஒரு வருடத்துக்கு மேல் திறந்த டப்பாவில் கிடந்தது. அவர் தூக்கிக் குப்பையில் போடப் போனார். "வேண்டாங்கா, இதையும் மண்ணே பார்த்துக்கும்" என்று சொல்லி, கீழே ஆழமாகக் குழி வெட்டி, இரண்டு மூட்டை காய்ந்த இலையோடு கலந்து புதைத்தோம். மக்க நாள் அதிகம் பிடித்ததே தவிர, மக்கிவிட்டது. புது வாஷர் போட்டு, தவிட்டைப் புதிதாகச் செய்துகொண்டு அவர் இன்றும் தொடர்கிறார்.

மண்ணே இல்லை, மாடியும் கிடையாது, ஒரு பால்கனிதான் என்பவர்களுக்கு மூன்று வழி சொல்வேன். பால்கனியில் ஒரு பெரிய மூடி போட்ட டப்பா அளவுக்கு மண் வைத்துக்கொள்ள முடிந்தால் அதுவே போதும். ஒரு தடவை மக்கிய மண்ணை வெளியே எடுக்காமல் அதிலேயே அடுத்த வாளியைக் கலந்து பல சுற்று ஓட்டலாம், நிறைந்த பிறகு பாதியைச் செடி வளர்க்கும் யாருக்காவது கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். இரண்டாவது, உங்கள் குடியிருப்பில் இலைக் கம்போஸ்ட் தொட்டி இருந்தால் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம். காய்ந்த இலை பெயருக்குக் கிடந்து மக்காமல் இருக்கும் தொட்டிகூட பொகாஷி சேர்ந்ததும் மளமளவென்று சூடேறும். மண்புழுத் தொட்டியில் மட்டும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், அந்தப் புளிப்பைப் புழு தாங்காது, ஓரத்தில் ஒரு பிடி வைத்து அது தானாக வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, குடியிருப்போர் சங்கத்தில் பேசி மதிலோரம் ஒரு துண்டு நிலத்தைக் கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் அப்படிக் கேட்டபோது முதலில் தயங்கியவர்கள், ஒரு வாளி புதைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, நாற்றம் இல்லை என்று தெரிந்ததும் சரி என்றார்கள். இந்த மூன்றில் ஒன்றை உறுதி செய்துகொண்டு அப்புறம் வாளிக்கும் தவிட்டுக்கும் போங்கள், ஆடி மாதம் ஆரம்பித்தால் மழைக்கு முன் இரண்டு மூன்று வாளியைப் புதைத்துவிடலாம்.